பழைய வண்டியும் அதன் எண்ணெயும்

பழைய மோட்டார் வண்டி ஒன்றின் ஸ்டியரிங் பெட்டிக்குள் எந்த எண்ணெயை இடுவது என்னும் கேள்வி பட்டறைக்கு உரியது, சரித்திர வகுப்புக்கு உரியதன்று என்று மாணவர்களாகிய உங்களில் பலர் எண்ணக்கூடும். சரித்திரம் கற்பிப்பதிலேயே உத்தியோக காலம் முழுவதையும் கழித்த எனக்கு அவ்வெண்ணம் உடன்பாடன்று. பட்டறைக்காரர் தம் கைத்திறத்தால் எத்தனையோ அரிய காரியங்களைச் செய்து முடிப்பார். ஆயினும், 1930-ஆம் ஆண்டு வண்டி ஒன்றைப் பற்றி அக்காலத்தார் எழுதிவைத்த குறிப்பில் '600-டபிள்யூ' என்று ஓர் எண்ணெயின் பெயர் காணப்படும்போது, அந்த 600 எதன் அளவு, அந்த டபிள்யூ எதன் சுருக்கம், இன்றைய கடையில் அதற்கு ஈடாக எதைக் கேட்பது என்னும் வினாக்களுக்கு அவருடைய ஸ்பானர் விடை சொல்லாது. பழைய ஏட்டைப் படிக்கத் தெரிந்தவர்தாம் சொல்ல வேண்டும்.

சோழர் காலக் கல்வெட்டில் நிலம் அளந்த செய்தி வந்தால், அளந்த கோல் எத்தனை சாண் கோல் என்று பார்த்த பிறகே நாம் மேலே செல்கிறோம். 12 சாண் கோலும் உண்டு. 16 சாண் கோலும் உண்டு. கோல் என்னும் சொல் மாறவில்லை; அளக்கப்பட்ட நிலம் மாறிவிடுகிறது. எண்ணெயின் எண்ணும் அத்தகையதே. கல்வெட்டைத் தவறாகப் படித்தால் ஒரு கட்டுரை கெடும். இதைத் தவறாகப் படித்தால் வண்டி திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் போகும்.

முதலில் இந்தப் பெட்டி எப்படி வந்தது என்று பார்ப்போம்.

ஆதியில் மோட்டார் வண்டிகளுக்கு ஸ்டியரிங் சக்கரமே இல்லை. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29-ல் உரிமைப் பத்திரத்துக்கு விண்ணப்பித்த வண்டிக்கு மூன்றே சக்கரங்கள். முன்னால் இருந்த ஒற்றைச் சக்கரத்தை ஒரு கைப்பிடியால் திருப்பினார்கள். நான்கு சக்கர வண்டியைத் திருப்புவது அவ்வளவு எளிதன்று. வளைவில் உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே கோணத்தில் திருப்பினால் ஒன்று தரையில் இழுபடும். குதிரை வண்டிகளுக்காக இதற்கு ஒரு வழியை மியூனிக் நகரத்து வண்டித் தொழிலாளர் கேயார்க் லாங்கன்ஸ்பெர்கர் 1816-ல் கண்டார். லண்டனில் அதற்கு 1818-ல் உரிமைப் பத்திரம் பெற்றவர் ருடால்ஃப் ஆக்கர்மன். கண்டுபிடித்தவர் பெயர் மங்கி, பத்திரம் பெற்றவர் பெயரே அவ்வமைப்புக்கு இன்றளவும் வழங்குகிறது. சரித்திரத்தில் இது புதிதன்று. இத்தகைய அமைப்பைப் பென்ஸ் தம் நான்கு சக்கர வண்டிக்கு 1893-ல் கொண்டுவந்தார்.

கைப்பிடியால் திருப்புவதில் ஒரு பெரிய அபாயம் இருந்தது. கை எவ்வளவு அசைகிறதோ அவ்வளவும் நேரே சக்கரத்துக்குச் செல்லும். சக்கரம் ஒரு கல்லில் மோதினால் அந்த அதிர்ச்சி முழுவதும் திரும்பி வந்து கையைத் தாக்கும். பிரெஞ்சு நாட்டு எமில் லெவஸார் 1895-ல் பாரிஸிலிருந்து போர்தோ சென்று மீளும் பந்தயத்தில், ஏறத்தாழ 1,180 கிலோமீட்டரை 48 மணி 48 நிமிடத்தில் கடந்தது இத்தகைய கைப்பிடியைப் பற்றிக்கொண்டுதான். அடுத்த ஆண்டு பாரிஸ்–மார்ஸேல் பந்தயத்தில் குறுக்கே வந்த நாயைத் தவிர்க்கப் போய் அவர் வண்டி கவிழ்ந்தது. 1897-ல் அவர் மறைந்தார். இதற்கு முன்பே, 1894-ல் நடந்த பாரிஸ்–ரூவான் ஓட்டத்தில் வாஷெரோன் என்பவர் தம் பானார் வண்டிக்கு வட்டச் சக்கரம் ஒன்றைப் பொருத்தி ஓட்டியிருந்தார். 1898-க்குள் பானார் கம்பெனி அச்சக்கரத்தையே தன் வண்டிகளுக்குரியதாக ஏற்றுக்கொண்டது. பிற நாட்டாரும் பின்தொடர்ந்தனர்.

வட்டச் சக்கரம் வந்ததன் உண்மையான பயன் அதன் வட்ட வடிவத்தில் இல்லை. அதற்கும் முன் சக்கரங்களுக்கும் இடையே பற்சக்கரங்களைப் புகுத்த முடிந்ததில் இருக்கிறது. கை பல அங்குலம் சுழன்றால்தான் முன் சக்கரம் சிறிதளவு திரும்பும். ஆகவே குறைந்த வலிமையால் கனத்த வண்டியைத் திருப்பலாம். தெருவின் அதிர்ச்சியும் அதே விகிதத்தில் குறைந்தே கைக்கு வந்து சேரும். இவ்விரண்டு உபகாரங்களையும் செய்யும் பற்சக்கரங்களை அடைத்து வைத்த இரும்புக் கூடுதான் ஸ்டியரிங் பெட்டி.

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி வண்டி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி செய்யப்பட்டது. அதில் இப்பற்சக்கரங்கள் ஸ்டியரிங் சக்கரத்துக்கு நேர் கீழே, ஒரு சிறு உறைக்குள் இருந்தன. அவற்றுக்குச் சிறிது கிரீஸ் போதும். அதற்கு அடுத்து 1927 டிசம்பர் 2-ல் மக்கள் பார்வைக்கு வந்த மாடல் ஏ வண்டியிலோ, தண்டின் அடியில் தனிப் பெட்டி ஒன்று அமைந்தது. இந்த வண்டியையே நம் பேச்சுக்கு உதாரணமாகக் கொள்கிறேன். 1932-ன் தொடக்கத்துக்குள் 48 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டு, இன்னும் உலகெங்கும் பலரால் பாதுகாக்கப்பட்டு ஓடுவது அது.

அப்பெட்டியின் மூடியைத் திறந்தால் இரண்டு உறுப்புக்களைக் காணலாம். ஸ்டியரிங் தண்டின் கீழ் முனையில் திருகு மரை போன்ற ஒன்று இருக்கும். பட்டறையில் அதை 'வார்ம்' என்பார்கள். அதனோடு பொருந்தி, முழுப் பற்சக்கரத்தின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி வைத்தாற்போல் மற்றொன்று நிற்கும். அதற்கு 'செக்டார்' என்று பெயர். திருகு சுழலச் சுழல, செக்டார் மெல்லச் சாயும். அதன் தண்டில் மாட்டிய கை, கோல்களின் வழியாக முன் சக்கரங்களைத் திருப்பும்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணப் பற்சக்கரங்களில் ஒரு பல் மற்றொரு பல்லின் மேல் பெரும்பாலும் உருள்கிறது. வார்மிலோ பல் முழுவதும் சறுக்கிச் செல்கிறது. அழுத்தம் மிகுதி, வேகமோ மிகக் குறைவு. பெட்டியில் சூடும் ஏறுவதில்லை. நேர்ச் சாலையில் ஓடும்போது ஒரே நடுப்பகுதிப் பற்கள்தாம் மணிக்கணக்காக இப்படியும் அப்படியும் உரசிக்கொண்டிருக்கும். அதனாலேயே பழைய பெட்டிகளில் நடுவில் தேய்மானம் அதிகமாகவும் இரு ஓரங்களில் குறைவாகவும் இருக்கும். நடுவில் உள்ள தளர்ச்சியைப் போக்க இறுக்கினால் ஓரத்தில் சிக்கிக்கொள்ளும். நல்ல எண்ணெய் இடாத குற்றத்தைப் பின்னால் ஸ்குரூ முடுக்கித் தீர்க்க முடியாது.

இனி எண்ணெயின் பக்கம் வருவோம்.

மனிதன் மிகப் பழங்காலத்திலேயே உராய்வைக் குறைக்க வழுவழுப்பான பொருளைத் தேடினான். எகிப்தில் ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஜெகுதிஹோதெப் என்னும் அதிகாரியின் கல்லறைச் சுவரில் ஒரு சித்திரம் உண்டு. பெரிய சிலை ஒன்றைச் சறுக்குக் கட்டையில் ஏற்றிப் பலர் இழுக்க, ஒருவன் அதன் முன் நின்று தரையில் ஏதோ திரவத்தை ஊற்றுகிறான். நம் நாட்டு மாட்டு வண்டிக்காரர் வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்த மையை அச்சில் இட்டார். ஐரோப்பியர் மாட்டுக் கொழுப்பை இட்டனர். தாவர எண்ணெய்க்கும் விலங்குக் கொழுப்புக்கும் ஒரு சிறப்பு உண்டு: உலோகத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். லண்டனில் வேக்ஃபீல்டு என்பவர் 1899-ல் தொடங்கிய கம்பெனி, 1909-ல் விளக்கெண்ணெய் கலந்த எண்ணெய் ஒன்றை விற்கலாயிற்று. ஆமணக்குக்கு ஆங்கிலத்தில் உள்ள 'காஸ்டர்' என்ற பெயரே அதன் பெயரில் அமைந்து 'காஸ்ட்ரால்' ஆயிற்று.

ஆனால் கொழுப்புக்கு ஒரு குறையும் உண்டு. நீராவி யந்திரம் வளர்ந்து, அதன் உருளைக்குள் வெப்பம் மிக மிக, உள்ளே இட்ட கொழுப்புச் சிதைந்து அமிலமாகி இரும்பை அரித்தது. கடையாணிக்கு நண்பனாயிருந்த பொருள் உருளைக்குப் பகைவனாயிற்று. அமெரிக்காவில் பென்ஸில்வேனியா ராஜ்யத்து டைட்டஸ்வில் என்னும் ஊரில் 1859-ல் பூமியைத் துளைத்து எண்ணெய் எடுத்த பிறகு இதற்கு மாற்றுக் கிடைத்தது. நியூயார்க் ராஜ்யத்து ராச்செஸ்டர் நகரில் மாத்யூ யூயிங், ஹைரம் எவரெஸ்ட் என்னும் இருவர் 1866-ல் வாக்குவம் ஆயில் கம்பெனியை நிறுவினர். காற்றை அகற்றிய கலத்தில் மண்ணெண்ணெயைக் காய்ச்சி வடிக்க முயன்றார் யூயிங். அடியில் எஞ்சிய கனத்த எண்ணெய்தான் உண்மையில் விலையுயர்ந்தது என்று கண்டுகொண்டவர் எவரெஸ்ட். முதலில் அது குதிரைச் சேணத்துத் தோலை மெருகிட உதவியது. பிறகு யந்திரங்களுக்குச் சென்றது. அக்கம்பெனி நீராவி உருளைகளுக்கென்று விற்ற கனத்த எண்ணெய் ஒன்றின் பெயர்தான் 600-டபிள்யூ.

இதே காலத்தில் எண்ணெயை உருளைக்குள் செலுத்தும் கருவியும் திருந்தியது. அடிமைத்தளையிலிருந்து தப்பிக் கனடா சென்ற பெற்றோருக்குப் பிறந்த இலைஜா மெக்காய், எடின்பரோவில் யந்திரக் கல்வி பெற்றவர். அமெரிக்க ரயில்வேயில் அவருக்குக் கிடைத்ததோ நிலக்கரி தள்ளி எண்ணெய் இடும் வேலைதான். யந்திரத்தை நிறுத்தாமலே எண்ணெய் சொட்டும் கருவிக்கு அவர் 1872-ல் உரிமைப் பத்திரம் பெற்றார். எண்ணெய்க் குவளையைக் கையில் கொடுத்தவர்கள் எதிர்பாராத பலன் அது.

நீராவி எஞ்சினுக்காகப் பிறந்த எண்ணெய் மோட்டார் வண்டியின் ஸ்டியரிங் பெட்டிக்குள் ஏன் புகுந்தது? இதற்கு விடை காண இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பீச்சம் டவர் என்னும் எஞ்சினீயர் 1883-ல் ரயில் வண்டி அச்சின் தாங்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் இடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சுச் சுழன்றதும், துளை வழியாக உள்ளே போக வேண்டிய எண்ணெய் பொங்கி வெளியே வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதுவும் தள்ளப்பட்டது. பிறகு அத்துளையில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்திப் பார்த்தார். தாங்கியின் மேல் இருந்த சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்கு 100 ராத்தல். அழுத்தமானியோ 200 ராத்தலைத் தாண்டிக் காட்டியது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று, ஆப்புப் போன்ற இடுக்கில் செலுத்தி, அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் தானே மிதக்கிறது என்பது தெரியவந்தது. மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ் 1886-ல் இதற்குக் கணித விளக்கம் எழுதினார். தக்கை தள்ளப்பட்ட செய்தியைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகாமல், ஏன் என்று நின்று கேட்டதே அங்கு நடந்த பெரிய காரியம்.

இந்த மிதத்தலுக்கு இன்றியமையாதது வேகம். எஞ்சினில் வேகம் உண்டு. ரயில் அச்சில் உண்டு. ஸ்டியரிங் பெட்டியில் இல்லை. வார்ம் அரைச் சுற்றுச் சுற்றி நிற்கும், பிறகு கால் சுற்றுத் திரும்பும். எண்ணெயை இழுத்து ஆப்பாக்கும் வேகம் அதற்குக் கிடையாது. ஆகவே இரண்டு பற்களும் ஏறத்தாழத் தொட்டுக்கொண்டே நகர்கின்றன. இடையில் நிற்பது உலோகத்தோடு ஒட்டிய மிக மெல்லிய படிவு ஒன்றுதான். இத்தகைய நிலையை ஆராய்ந்து அதற்கு 'எல்லை உயவு' என்று பொருள்படும் பெயரை 1922-ல் இட்டவர்கள் வில்லியம் ஹார்டியும் ஐடா டபிள்டே அம்மையாரும். இந்நிலையில் எண்ணெய்க்கு வேண்டிய குணங்கள் இரண்டு. மெல்ல அசையும்போதும் இடுக்கிலிருந்து விரைவில் பிதுங்கி ஓடாத கனம் ஒன்று. உலோகத்தைப் பற்றும் தன்மை மற்றொன்று. நீராவி உருளை எண்ணெயில் கனம் இயல்பாகவே உண்டு. ஈர நீராவியால் கழுவப்படாமல் நிற்பதற்காகச் சிறிதளவு விலங்குக் கொழுப்பையும் இத்தகைய எண்ணெய்களில் கலப்பதுண்டு. மண்ணிலிருந்து வந்ததன் நிலைப்பும் மாட்டிலிருந்து வந்ததன் பற்றும் ஒன்றில் சேர்ந்தன. தொழிற்சாலைகளின் வார்ம் பெட்டிகளுக்கு இன்றும் கொழுப்புக் கலந்த கனத்த எண்ணெய் விற்கப்படுவதை அறிந்தவர்கள், 1920-களின் எஞ்சினீயர்கள் கையில் கிடைத்ததை ஊற்றிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டார்கள்.

என் பழைய மாணவர் ஒருவர் கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருக்கிறார். கனடா நாட்டு ஃபோர்டு கம்பெனியின் கிளையாக 1926-ல் இந்தியாவில் ஒரு கம்பெனி நிறுவப்பட்டு, வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள ஃபோர்டு வண்டிகள் இங்கு விற்பனையாயின. அக்காலத்து மாடல் ஏ ஒன்று அவரிடம் செப்பனிட வந்தது. ஒரு கடைக்காரர், 600 என்ற எண்ணில் எண்ணெயே கிடையாது, 250-க்கு மேல் எண்ணே இல்லை என்றாராம். மற்றொருவர், டபிள்யூ என்றால் குளிர்காலம், ஆகவே இது குளிர் நாட்டு எண்ணெய், நம் ஊருக்கு ஆகாது என்றாராம். வகுப்பில் நான் கோலைப் பற்றியும் சாணைப் பற்றியும் சொன்னது அவருக்கு நினைவிருந்தது போலும். குறிப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார். கடைக்காரர்கள் இருவரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் தம் காலத்து அகராதியைக் கொண்டு வேறொரு காலத்துச் சொல்லைப் படித்தார்கள்.

அமெரிக்க மோட்டார் எஞ்சினீயர்களின் சங்கம் 1905-ல் தோன்றியது. எஸ்.ஏ.இ. என்பது அதன் சுருக்கம். எண்ணெயின் பாகுத்தன்மையை மட்டும் குறிக்கும் எண்முறை ஒன்றை அச்சங்கம் 1920-களில் நிலைநிறுத்தியது. இன்று டப்பாக்களில் காணும் 40, 90, 140 எல்லாம் அம்முறையைச் சேர்ந்தவை. பின்னாளில் குளிரிலும் ஓடும் எண்ணெய்களுக்கு எண்ணை அடுத்து டபிள்யூ என்ற எழுத்தைச் சேர்த்தனர். அங்கே அது குளிர்காலத்தைக் குறிக்கும். 600-டபிள்யூ அதற்கு முந்தியது. அது ஒரு கம்பெனி தன் சரக்குக்கு இட்ட பெயர், எஸ்.ஏ.இ. அளவன்று. அதிலுள்ள டபிள்யூவுக்கும் குளிர்காலத்துக்கும் உறவில்லை.

எஸ்.ஏ.இ. எண்களிலேயே இரண்டு பொறிகள் உள்ளன. எஞ்சின் எண்ணெய்க்கு ஒரு வரிசை, கியர் எண்ணெய்க்கு வேறொரு வரிசை. ஒன்றோடொன்று குழம்பக்கூடாது என்றே கியர் எண்ணெய்க்குப் பெரிய எண்களைக் கொடுத்தார்கள். அதனாலேயே குழப்பம் வந்தது. எஞ்சின் எண்ணெய் 50 என்பது 100 டிகிரி சென்டிகிரேடில் 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக்ஸ் வரை பாகுத்தன்மை உடையது. கியர் எண்ணெய் 90 என்பது 13.5 முதல் 18.5 வரை. எண்ணைப் பார்த்தால் 90 ஏறக்குறைய இரு மடங்கு. குணத்தைப் பார்த்தால் இரண்டும் அண்டை வீட்டார்.

இரண்டாவது பொறி இன்னும் நுட்பமானது. 2005-ல் கியர் எண்ணெய் அட்டவணையைத் திருத்தி, 110 என்றும் 190 என்றும் இரண்டு புதிய படிகளைச் செருகினார்கள். அதற்கு முன் 140 என்ற எண் 24 முதல் 41 சென்டிஸ்டோக்ஸ் வரை உள்ள எண்ணெய்களையெல்லாம் குறித்தது. பின்பு அது 32.5-லேயே நின்றுவிட்டது; மேற்பகுதி 190-க்குப் போயிற்று. 41-க்கு மேற்பட்டது 250. ஆகவே 1960-ல் ஒருவர் 140 என்று எழுதியதும் இன்று டப்பாவில் 140 என்று அச்சிட்டிருப்பதும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கோல் சுருங்கிவிட்டது.

மேலே சொன்ன மாணவர் அந்தப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே கிரீஸ் நிறைந்திருந்தது. பழைய வண்டிகளில் இது மிகச் சாதாரணமான காட்சி. காரணமும் எளிது. மாடல் ஏ போன்ற வண்டிகளின் காலத்தில் இன்றுள்ள ரப்பர் ஸீல் கிடையாது. தண்டு வெளிவரும் இடத்தைக் கம்பளி வளையமோ தக்கை வளையமோ காத்து நின்றது. தேய்ந்த வண்டியில் 90 எண்ணெய் ஊற்றினால் சில நாளில் தரையில் இருக்கும். சொட்டுவதைக் கண்டு சலித்தவர் கிரீஸ் துப்பாக்கியை எடுக்கிறார். கிரீஸ் ஒழுகாது, மனம் நிம்மதியடைகிறது. ஆனால் உள்ளே நடப்பது வேறு. கட்டித் தயிரில் கரண்டியால் ஒரு கோடு கிழித்தால் பள்ளம் அப்படியே நிற்கும். தேனில் கிழித்தால் உடனே கூடிக்கொள்ளும். வார்ம் முதலில் சுழலும்போது கிரீஸை வழித்து ஒதுக்கித் தனக்கு ஒரு வாய்க்கால் வெட்டிக்கொள்கிறது. ஒதுங்கிய கிரீஸ் திரும்பி வருவதில்லை. சூடேறாத பெட்டியாதலால் உருகியும் வருவதில்லை. பெட்டி நிறையக் கிரீஸ் இருக்க, பல் மட்டும் வறண்டு உரசும். இந்த மாணவர் திறந்து பார்த்ததும் அதுவே: கறுத்த கிரீஸில் சுத்தமாக வெட்டப்பட்ட வாய்க்கால்; நடுவில் பளபளவென்று தேய்ந்த பல்.

கிரீஸ் முழுவதையும் ஒதுக்கிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. கிரீஸ் என்பது சோப்புப் போன்ற பொருளில் ஏந்தி வைத்த எண்ணெய். அதன் கெட்டித்தன்மைக்கு 1933-ல் தோன்றிய அமெரிக்கக் கிரீஸ் கழகம் 1938-ல் எண்கள் வகுத்தது. 000-ல் தொடங்கி 6-ல் முடிகிறது. வண்டிகளுக்குப் பொதுவாக அடிப்பது 2-ஆம் எண். 0 அல்லது 00 எண்ணுள்ள இளகிய கிரீஸ் மெல்ல வழிந்து பள்ளத்தை மூடிக்கொள்ளும். மக்காச்சோள அறுவடை யந்திரத்தின் கியர் பெட்டிக்கென்று விற்கப்படும் 0 எண் கிரீஸை அமெரிக்காவில் மாடல் ஏ வைத்திருப்போர் பலர் இந்தப் பெட்டிக்கு இடுகிறார்கள். ஸீல் மிகவும் தேய்ந்து, கனத்த எண்ணெயும் நில்லாத வண்டிக்கு அது தக்க வழியே. நல்ல நிலையில் உள்ள பெட்டிக்கு எண்ணெயையே நான் விரும்புவேன்.

சில பழைய குறிப்புக்களை அப்படியே பின்பற்ற முடியாமலும் போகும். திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த எண்ணெய் கியர் எண்ணெய்களில் நெடுங்காலம் கலக்கப்பட்டது. உலோகத்தைப் பற்றுவதில் அதற்கு நிகர் இல்லை என்றனர். 1970-ல் அமெரிக்கா அவ்வினத்தை அழியும் உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. அதோடு அந்த வழக்கம் அங்கே முடிந்தது. இதற்காக வருந்துவோர் பக்கம் நான் இல்லை.

பழையதைத் தேடுவோர் எதிர்ப்புறத்தில் விழும் குழி ஒன்றும் உண்டு: புதியது எல்லாம் மேலானது என்பது. 1926-ல் பாக்கார்டு கம்பெனி, கிளீசன் தொழிற்சாலையார் வகுத்த ஹைபாய்டு என்னும் புதுவகைப் பற்சக்கரத்தைப் பின் அச்சில் புகுத்தியது. அதில் அழுத்தமும் சறுக்கலும் வேகமும் ஒருங்கே மிகுதி. வெறும் எண்ணெய் தாங்காது. ஆகவே கந்தகம், பாஸ்வரம் முதலியவற்றின் சேர்க்கைகளைக் கலந்து, கடும் அழுத்தத்தில் உலோகத்தின் மேல் இரசாயனப் படிவு உண்டாகும்படி செய்தார்கள். இன்று ஜி.எல்.-5 என்று டப்பாவில் அச்சிட்டிருப்பது அவ்வினத்தின் உயர்ந்த படி. ஆனால் சுறுசுறுப்பான கந்தகம் வெண்கலத்தையும் பித்தளையையும் அரிக்கக்கூடும். பல பழைய பெட்டிகளில் புஷ்கள் வெண்கலத்தால் ஆனவை. அரிப்பு வெப்பத்தில்தான் விரைவாக நிகழும். ஸ்டியரிங் பெட்டியோ குளிர்ந்தே இருப்பது. ஆகவே ஜி.எல்.-5 ஊற்றிய அன்றே வெண்கலம் கரைந்துவிடும் என்று அச்சுறுத்துவோர் பேச்சை நான் ஏற்கவில்லை. ஆயினும் ஹைபாய்டு சக்கரமே இல்லாத பெட்டிக்கு ஹைபாய்டு மருந்து எதற்கு? சேர்க்கை இல்லாத ஜி.எல்.-1, அல்லது குறைவாக உள்ள ஜி.எல்.-4 போதும்.

அந்த மாடல் ஏ பெட்டிக்கு நாங்கள் முடிவு செய்ததைச் சொல்கிறேன். பெட்டியைக் கழற்றிப் பழைய கிரீஸ் முழுவதையும் மண்ணெண்ணெயில் கழுவி எடுத்தார். கிரீஸின் மேல் எண்ணெயை ஊற்றினால் வாய்க்கால் வாய்க்காலாகவே இருக்கும். இந்த ஒரு நாள் உழைப்பைத் தவிர்க்க வழியில்லை. தண்டின் கம்பளி வளையத்தை மாற்றினார். சேர்க்கை குறைந்த 250 கியர் எண்ணெயைத் தேடி வாங்கினார். அது கிடைக்காத ஊரில் 140 வாங்கலாம். வெப்பமான நம் சமவெளியில் சற்று விரைவாகக் கசியும், அடிக்கடி பார்த்து நிரப்ப வேண்டும்.

எவ்வளவு ஊற்றுவது என்பதிலும் இந்த வண்டிக்கு ஒரு தனி விஷயம் உண்டு. மாடல் ஏயில் விளக்கு ஸ்விட்ச் ஸ்டியரிங் தண்டின் அடிமுனையில், பெட்டிக்குக் கீழே இருக்கிறது. மேலிருந்து அதை இயக்கும் கம்பி பெட்டியின் நடுவே ஒரு குழாய் வழியாக இறங்குகிறது. எண்ணெய் மட்டம் அளவுக்கு மேல் ஏறினால் அக்குழாய் வழியாக இறங்கி ஸ்விட்ச்சுக்குள் போய்விடும். ஆகவே நிரப்பும் துளையின் மட்டத்தோடு நிறுத்த வேண்டும். 250 எண்ணெய் தேனைப்போல் மெல்ல இறங்குவது. ஊற்றியதும் காணும் மட்டம் உண்மையான மட்டமன்று. முன் சக்கரங்களை ஜாக்கியால் தரையை விட்டுத் தூக்கி, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பத்துப் பன்னிரண்டு முறை திருப்பி, இரவு முழுவதும் அப்படியே விட்டு, காலையில் துளையைத் திறந்து பார்த்தார். விரற்கடை அளவு இறங்கியிருந்தது. அதை நிரப்பி மூடினார்.